கடுகுப் பயிரின் ரம்ப ஈ

வட இந்தியாவில் அக்டோபரில் விதைக்கும் கடுகு மூன்று நான்கு வாரப் பயிராக நிற்கும்போதே, அதன் இலைகளை ஒரு கரும்பச்சைப் புழு துளைத்துத் தின்னத் தொடங்கிவிடும். பார்த்தவுடன் அந்துப்பூச்சியின் புழு என்றே தோன்றும். ஆனால் அது கடுகு ரம்ப ஈயின் புழு. தேனீ, குளவி, எறும்பு ஆகியவை அடங்கிய வரிசையைச் சேர்ந்தது.

இரண்டையும் பிரித்தறியக் கால்களை எண்ணுவதே நம்பகமான வழி. மார்பில் மூன்று இணைக் கால்கள் இரண்டுக்கும் உண்டு. வேறுபாடு வயிற்றின் அடியிலுள்ள சதைப்பற்றான பொய்க்கால்களில்தான். அந்துப்பூச்சிப் புழுக்களுக்குப் பொதுவாக அவை ஐந்து இணைக்கு மேல் போவதில்லை; நுனியில் நுண்ணிய கொக்கிகளும் இருக்கும். கடுகு ரம்ப ஈயின் புழுவுக்கோ எட்டு இணை, கொக்கிகள் கிடையாது. உடலில் நீளவாக்கில் ஐந்து கருங்கோடுகள் ஓடும். தொட்டால் சுருண்டு கீழே விழுந்து, செத்ததுபோல் கிடக்கும்.

வளர்ந்த பூச்சிக்கு ஆரஞ்சு நிற வயிறு, புகைநிறச் சிறகுகள் நான்கு. குளவியைப் போல் ஒடுங்கிய இடுப்பு இல்லை, கொட்டவும் கொட்டாது. பெண்ணின் வயிற்று நுனியிலுள்ள முட்டையிடும் உறுப்பு ரம்பப் பல் கொண்டது. அதனால் இலையோரத்தைக் கீறி, திசுவுக்குள் முட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகும். ஆணோடு சேராமலே முட்டையிடவும் அதனால் முடியும். அவற்றிலிருந்து ஆண் பூச்சிகளே வெளிவரும்.

முட்டை ஒரு வாரத்துக்குள் பொரியும். காலையிலும் மாலையிலும் மேய்ந்து, வெயிலில் மறைந்து கொள்ளும் புழு, முதிர்ந்ததும் மண்ணுக்குள் இறங்கி, நீர் புகாத கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகிறது. ஒரு தலைமுறை முடிய ஏறக்குறைய ஒரு மாதம். மார்ச்சுக்குள் இரண்டு மூன்று தலைமுறைகள் முடிந்து, கோடை முழுதும் மண்ணுக்குள் உறங்கிக் கழியும்.

இனத்தைச் சரியாக அறிவது மருந்துக்கும் முக்கியம். அந்துப்பூச்சிப் புழுக்களுக்காகக் கடையில் கிடைக்கும் பி.டி. பாக்டீரியா மருந்து ரம்ப ஈப் புழுவிடம் பலிக்காது. அதைத் தெளிப்பவருக்குப் பணமும் போகும், நாளும் போகும். கோடை உழவு மண்ணில் உறங்குவதை மேலே புரட்டி வெயிலில் அழிக்கும். நாற்றுப் பருவத்தில் பாய்ச்சும் தண்ணீரில் பல புழுக்கள் மூழ்கிச் சாகும். சிறு வயலானால், காலையிலும் மாலையிலும் அவை இலைமேல் இருக்கும் நேரத்தில் கையால் பொறுக்கி அழிப்பதே போதும்.