பெரியவர்களுக்கும் ஏடிஹெச்டி உண்டு

கணக்கில் பணம் இருக்கும், கைபேசியிலேயே கட்டிவிடலாம். ஆனாலும் கரன்ட் பில்லைக் கட்டாமல் விட்டு, ஃபியூஸைப் பிடுங்கிய பிறகு அபராதத்தோடு கட்டுவார் ஒருவர். அலுவலகத்தில் அரை மணி நேர வேலையை வாரக்கணக்கில் தள்ளிப்போட்டு, கெடு முடியும் இரவில் விடிய விடிய உட்கார்ந்து முடிப்பார். பிடித்த வேலை என்றால் அவரே சாப்பாட்டையும் மறந்துவிடுவார். 'வேண்டியதுக்கு மட்டும் கவனம் வருது பார்' என்று வீட்டில் குத்திக்காட்டுவார்கள். சிறுவயதிலிருந்தே இப்படித்தான், வேலை, வீடு, பணம் என்று எல்லா இடத்திலும் இதனால் அடி விழுகிறது என்றால், அது ஏடிஹெச்டி எனும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறாக இருக்கலாம்.

துறுதுறுவென்று ஓடும் பையன்களின் பிரச்சினை என்றே இதை நினைத்துப் பழகிவிட்டோம். வயது ஏறும்போது ஓட்டம் அடங்கிவிடும். உள்ளே இருக்கும் பரபரப்பும் கவனச்சிதறலும் பலருக்கு அடங்குவதில்லை. வகுப்பில் சத்தமில்லாமல் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளைகளை அன்று யாரும் சந்தேகிக்கவில்லை. பிள்ளையைப் பரிசோதனைக்கு அழைத்துப்போகும்போதுதான் தனக்கும் அதே கோளாறு என்று அறியும் தாய்மார்கள் உண்டு.

ஒரு வேலையின் பலனை முன்கூட்டியே உணர்த்தி நம்மை எழுந்திருக்க வைப்பதில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவில் நோரா வோல்கோவ் குழுவினர், ஏடிஹெச்டி உள்ள, மருந்து எடுக்காத 53 பெரியவர்களின் மூளையை பெட் ஸ்கேன் செய்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஊக்கத்துக்கான மூளைப்பாதையில் டோபமைன் ஏற்பிகளும் கடத்திகளும் இவர்களுக்குக் குறைவாகவே காணப்பட்டன. அடுத்த மாதம் கிடைக்கப்போகும் பலன் இவர்களை அசைக்காததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். தலைக்கு மேல் வந்து நிற்கும் கெடு அசைக்கிறது. இப்படிப்பட்டவரைச் 'சோம்பேறி' என்று திட்டுவதால் எதுவும் நடக்காது. அவரும் அதை நம்பிவிடுவார், மருத்துவரைப் பார்ப்பது இன்னும் பத்து வருடம் தள்ளிப்போகும்.

தள்ளிப்போனால் கடன், குடி, மனச்சோர்வு, சாலை விபத்து என்று ஆபத்துகள் சேருகின்றன. டென்மார்க்கில் 19 லட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2015இல் வந்த ஆய்வில், ஏடிஹெச்டி உள்ளவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட இருமடங்காக இருந்தது. முக்கியக் காரணம் விபத்துகள். 18 வயதுக்கு மேல் கண்டறியப்பட்டவர்களிடம் அந்த விகிதம் இன்னும் அதிகம்.

இதை ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ உறுதிசெய்யாது; ரீல்ஸ் பார்த்து நாமே முடிவுகட்டவும் கூடாது. மனநல மருத்துவர் விரிவாகப் பேசித்தான் கண்டறிவார். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும் என்பதால், பழைய ரேங்க் கார்டு கிடைத்தால் எடுத்துப்போங்கள், முடிந்தால் அம்மாவையும் கூட்டிப்போங்கள். தைராய்டு, ரத்தசோகை, தூக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இதே தோற்றம் காட்டும். அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மெத்தில்ஃபெனிடேட், அடோமோக்செட்டின் ஆகியவை வழக்கமான மருந்துகள். முன்னது போதைப்பொருள் தடுப்புச் சட்டக் கட்டுப்பாட்டில் உள்ளது. மருந்துச்சீட்டு இல்லாமல், நண்பரிடம் வாங்கி விழுங்கக் கூடாது. இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கண்காணிக்க வேண்டும். மருந்தோடு நடத்தை சிகிச்சையும் பலருக்கு உதவுகிறது. பில்களுக்கு ஆட்டோ டெபிட் போட்டுவிடுவது, பெரிய வேலையைத் துண்டாக்குவது, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துத் தொடங்குவது எல்லாம் கைகொடுக்கும்.

அரசு சேவையில் மனநல சிகிச்சை பெறுவதை உரிமையாகச் சொல்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். உங்கள் சிகிச்சை விவரத்தை அனுமதியின்றி மேலதிகாரியிடம் மருத்துவர் சொல்லக் கூடாது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்றும் அந்தச் சட்டம் கூறுகிறது. ஆனால் ஏடிஹெச்டிக்கு மருத்துவமனையில் படுக்கத் தேவையில்லை. பல பாலிசிகளோ படுத்தால்தான் பணம் தரும். புறநோயாளிச் செலவு சேருமா என்று வாங்கும்போதே கேளுங்கள். பணம் மறுக்கப்பட்டு, நிறுவனத்திடம் புகார் கொடுத்தும் 30 நாளில் பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஏடிஹெச்டியின் பெயர் தனியாக இல்லை. அதனால் அலுவலகத்தில் சலுகையைச் சட்டப்படி கேட்பது கடினம். இது சரிசெய்யப்பட வேண்டிய குறை. அதுவரை, வேலையை எழுத்தில் தாருங்கள், கெடுவைப் பிரித்துத் தாருங்கள் என்று நோயின் பெயரைச் சொல்லாமலே கேட்கலாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.