'டெல் மீ அபவுட் இட்'னு சொன்னா கதை சொல்லக் கூடாது!

இன்னைக்கு எபிசோடை நான் பட்ட ஒரு அசிங்கத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து மூணாவது மாசம். அமெரிக்காவில் இருக்கிற கிளையண்ட்டோட மீட்டிங். எல்லாரும் வந்து சேர்ற வரைக்கும் சும்மா பேசிட்டிருந்தோம். நான் தைரியமா, "இங்க டிராஃபிக் ரொம்ப மோசம்"னு இங்கிலீஷ்ல சொன்னேன். அவர் உடனே, "டெல் மீ அபவுட் இட்" அப்படின்னார். சரி, ஆசையா கேக்குறாரேன்னு மத்திய கைலாஷ் சிக்னலில் ஆரம்பிச்சு சோழிங்கநல்லூர் வரைக்கும் விலாவாரியா சொன்னேன். மறுமுனையில சத்தமே இல்லை. எங்க டீம்ல ஒருத்தர் மியூட் போட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சிட்டிருந்தார்.

அவர் சொன்னதுக்கு அர்த்தம், "அதை ஏன் கேக்குறீங்க, இங்கயும் அதே கதைதான்!" அவ்வளவுதான். அதுக்கப்புறம் நாலு மாசம் எந்த மீட்டிங்கிலும் நான் வாயைத் திறக்கலை.

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ஆனா ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ் எல்லாம் தப்பில்லாம மாத்தி எழுதுவேன். டெல், மீ, அபவுட், இட் - இந்த நாலு வார்த்தையும் ஆறாங்கிளாஸ்லயே படிச்சதுதான். வார்த்தை தெரியாம நான் மாட்டலை. அதை எந்த இடத்துல, எந்தத் தொனியில சொல்லுவாங்கன்னு தெரியாமத்தான் மாட்டினேன்.

தமிழ்லயே பாருங்க. "அதை ஏன் கேக்குறீங்க"ன்னு ஒருத்தர் சொன்னா, 'சரி, கேக்கலை'ன்னு நாம எழுந்து போறதில்லை. இதை எந்தப் பாடப்புத்தகமும் நமக்குச் சொல்லித் தரலை. வீட்லயும் தெருவுலயும் காதால கேட்டே பழகினோம். இங்கிலீஷுக்கு நமக்கு அந்தத் தெரு கிடைக்கலை. எனக்கு அந்தத் தெருவா அமைஞ்சது 'ஃப்ரெண்ட்ஸ்' சீரியல்.

1994லிருந்து 2004 வரை அமெரிக்காவில் என்பிசி சேனலில் வந்த காமெடி அது. 10 சீசன், 236 எபிசோட், ஒவ்வொண்ணும் சுமார் 22 நிமிஷம். நியூயார்க்கில் ஆறு நண்பர்கள், ஒரு காபி ஷாப், எதிரெதிரே ரெண்டு வீடு. ஆளும் இடமும் பெரும்பாலும் மாறாததால, கதையைத் துரத்த வேண்டியதில்லை. காது முழுக்கப் பேச்சு மேலயே இருக்கும். பிடிஎஸ் குழுவின் ஆர்எம் கூட இதைப் பார்த்துத்தான் இங்கிலீஷ் கத்துக்கிட்டதா சொல்லியிருக்கார்.

அங்க கிடைக்கிறதெல்லாம் சின்னச் சின்ன வார்த்தைங்கதான். காபி வேணுமான்னு கேட்டா "ஐயாம் குட்"னு பதில் வரும். 'நான் நல்லவன்'னு அர்த்தம் இல்லை, 'எனக்கு வேண்டாம்'னு அர்த்தம். 'அவுட்'டை மட்டும் எடுத்துக்கோங்க. ஹேங் அவுட்னா சும்மா கூடி நேரம் போக்குறது. ஃப்ரீக் அவுட்னா பதறிப்போறது. மேக் அவுட்னா ஸ்கூல்ல 'புரிந்துகொள்வது'ன்னு படிச்சோம். இவங்க ஊர்ல அது முத்தம்! நாம எதுக்கெடுத்தாலும் 'வெரி' போடுறோம் இல்லையா? 2005ல் வெளியான ஒரு மொழியியல் ஆய்வு, இந்த சீரியல்ல அந்த இடத்துக்கு அதிகமா வர்ற வார்த்தை 'ஸோ'தான்னு சொல்லுது.

சரி, எப்படிப் பார்க்கணும்? நான் செஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல, சப்டைட்டில் இங்கிலீஷ்லயே இருக்கட்டும். தமிழ்ல வெச்சா கண்ணு படிக்கும், காது மூடிக்கும்.

ரெண்டாவது, சிரிப்புச் சத்தம்தான் டீச்சர். அவங்க சிரிச்சு நாம சிரிக்கலைன்னா, அங்க நமக்குப் பிடிபடாத ஏதோ ஒண்ணு இருக்கு. பத்து செகண்ட் பின்னாடி போங்க. ஒரு எபிசோடுக்கு மூணு போதும்.

மூணாவது, அர்த்தத்தை மட்டும் எழுதாதீங்க. யார், யார்கிட்ட, எப்போ சொன்னாங்க, அதே இடத்துல நம்ம வீட்ல என்ன சொல்லுவோம்னு எழுதுங்க. அப்புறம் அதே தொனியில வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க.

ஒரு எச்சரிக்கை. கேட்டதையெல்லாம் ஆபீஸ்ல எடுத்து விடாதீங்க. ஜோயி சொல்ற "ஹவ் யூ டூயின்?" நலம் விசாரிப்பு இல்லை, பொண்ணுங்களை மடக்குறதுக்கான வசனம். மேனேஜர்கிட்ட அதே இழுவையில கேட்டா கதை கந்தல்! சாண்ட்லர் பாதி நேரம் சொல்றதுக்கு நேர் எதிரானதைத்தான் நினைப்பார். உடல் பருமனையும் திருநர்களையும் வெச்சுப் பண்ணின சில ஜோக்குகள் இன்னைக்குக் கேட்டா முகம் சுளிக்க வைக்கும். அதுங்களை அங்கயே விட்டுடலாம்.

போன மாசம் அதே கிளையண்ட். "இந்த வாரம் மீட்டிங் மேல மீட்டிங்"னு அலுத்துக்கிட்டார். யோசிக்கவே இல்லை, என் வாய்ல தானா வந்துச்சு: "டெல் மீ அபவுட் இட்!" அவர் சிரிச்சார். அன்னைக்கு மீட்டிங்ல நான் கடைசி வரை பேசினேன்.

இன்னைக்கு ராத்திரி ஒரு எபிசோட், மூணு வார்த்தை. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!