பழைய வேன் வாங்கும் வணிகர் பார்க்க வேண்டிய இரண்டு: என்ஜின் நம்பர், வெப்ப முள்

துவரம் பருப்பை வாங்கும்போது உள்ளங்கையில் அள்ளி ஊதிப் பார்க்கிறோம். வற்றல் மிளகாயைக் குலுக்கிக் காதில் வைத்துக் கேட்கிறோம். மிளகில் சந்தேகம் வந்தால் தண்ணீரில் போட்டு, மிதப்பது எது, மூழ்குவது எது என்று பார்க்கிறோம். ஒரு மூட்டைச் சரக்குக்கு இத்தனை சோதனை செய்யும் நாம், லட்ச ரூபாய் கொடுத்துப் பழைய வேன் வாங்கும்போது மட்டும் பெயிண்டையும் சீட் கவரையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்து விடுகிறோம்.

நாங்களும் அப்படிச் செய்தவர்கள்தான். 2021-இல் எங்கள் மளிகைக் கடைக்கு, 2009 மாடல் மாருதி ஆம்னி வேன் ஒன்றைத் தரகர் மூலம் வாங்கினோம். ஊருக்குள் ஓட்டிப் பார்த்தோம். வெப்பத்தைக் காட்டும் முள் அடிமட்டத்தை விட்டு எழவே இல்லை. "பாருங்கள், என்ஜின் எவ்வளவு குளிர்ச்சி!" என்றார் தரகர். நாங்களும் பெருமையாகத் தலையாட்டினோம்.

அடுத்த ஆண்டு மே மாதம், விருதுநகரில் நாலு மூட்டைப் பருப்பு ஏற்றிக்கொண்டு நண்பகலில் திரும்பி வந்தோம். நாற்கரச் சாலையில் அரை மணி நேரம் ஓடியிருக்கும். ஒரு நாளும் எழாத முள் மளமளவென்று சிவப்புக் கோட்டுக்குப் போயிற்று. வண்டியை ஓரம் கட்டுவதற்குள் சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. சரக்கை வேறு வண்டியில் மாற்றி, வேனைக் கட்டி இழுத்து வந்தோம்.

மெக்கானிக் பிரித்துப் பார்த்துச் சொன்னவை மூன்று. ஹெட் கேஸ்கட் போய்விட்டது. தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. மூன்றாவதுதான் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணாச்சி, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற நம்பர் வேறு. இது இந்த வண்டியோடு வந்த என்ஜினே இல்லை."

நாங்கள் பணம் கொடுத்துக் கற்ற பாடத்தை நம் உறுப்பினர்கள் பணம் கொடுக்காமலே கற்றுக்கொள்ளட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

என்ஜினை அடையாளம் காண்பது எப்படி?

ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு நம்பர் உண்டு. சேஸிஸ் நம்பர் வண்டியின் உடலில் அடித்திருக்கும். 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. மாருதி வண்டிகளில் 'எம்ஏ3' என்றும், டாடா வண்டிகளில் 'எம்ஏடி' என்றும் தொடங்கும். என்ஜின் நம்பர் தனி. அது என்ஜினின் இரும்பு உடலிலேயே அடித்திருக்கும். இரண்டும் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும். கூடவே என்ஜினின் கன அளவு, எரிபொருள், தயாரித்த மாதம், ஆண்டு ஆகியவையும் இருக்கும்.

என்ஜின் நம்பரின் முதல் எழுத்துகள் என்ஜினின் குலத்தைச் சொல்லும். ஆம்னியில் இருப்பது 'எஃப்8பி' என்ற மூன்று சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். அளவு 796 சி.சி. 2010-இல் வந்த ஈக்கோவில் முதலில் இருந்தது 'ஜி12பி' என்ற நான்கு சிலிண்டர் என்ஜின், 1196 சி.சி. ஆர்.சி.யில் ஒரு அளவும் வண்டியில் வேறொரு குல என்ஜினும் இருந்தால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

ஆனால் முதல் எழுத்துகளை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். நாங்கள் ஏமாந்திருக்கக்கூடிய இடமும் அதுதான். மாருதி 800 காரிலும் இதே எஃப்8பி குல என்ஜின்தான். உடைப்புக்குப் போன 800 கார்களின் என்ஜின்கள் ஆம்னிக்குள் வந்து உட்காருவது இதனால்தான். எழுத்து ஒன்றாகவே இருக்கும். பின்னால் வரும் எண்கள்தான் காட்டிக் கொடுக்கும். ஆகவே கடைசி எண் வரை ஒத்துப் பார்க்க வேண்டும்.

ஆம்னியில் முன் சீட்டைத் தூக்கினால் என்ஜின் தெரியும். நம்பர் இருக்கும் இடத்தை மெக்கானிக்கைக் காட்டச் சொல்லுங்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அழுக்கைத் துடையுங்கள். மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண்கள் அப்படியே தாளில் விழும். கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் ஒரே வரிசையில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். அரம் போட்ட தடமோ, ஒரு எண் மட்டும் புதிதாகக் குத்திய சாயலோ தெரிந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

என்ஜினை மாற்றுவதே குற்றம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவின்படி, மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். அப்படிப் பதிந்த வண்டியைத் தாராளமாக வாங்கலாம். பதியாத வண்டியில்தான் வம்பு. விபத்து இழப்பீடு கேட்கும்போதோ, 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதோ, நம்பர் ஒத்துவராவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அன்றைய உரிமையாளர்; விற்றுவிட்டுப் போனவர் அல்ல. அந்த என்ஜின் திருட்டு வண்டியிலிருந்து வந்ததாக இருந்தால் வம்பு காவல் நிலையம் வரை நீளும்.

முள் எங்கே நிற்க வேண்டும்?

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது எழும் வெப்பத்தில் ஒரு பகுதிதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மிச்சத்தில் பெரும் பங்கைப் புகைக்குழாயும், என்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் நீரும் வெளியேற்றுகின்றன. இந்த நீரின் சூட்டைத்தான் முள் காட்டுகிறது.

ஓட்டத்தில் இந்த நீர் ஏறத்தாழ 80 முதல் 100 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பதே இயல்பு. தண்ணீர் கொதிக்கும் நிலைக்கு அருகில் வருகிறதே என்று அஞ்ச வேண்டாம். ரேடியேட்டர் மூடி, நம் வீட்டுக் குக்கரைப் போல உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. 0.9 கிலோ அழுத்தம் தாங்கும் மூடி என்றால் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே. சூடான என்ஜினில் மூடியைத் திறக்கக் கூடாது என்பதும் இதனால்தான். திறந்த நொடியில் அழுத்தம் போய், நீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

இந்தச் சூட்டைக் கட்டிக் காப்பது தெர்மோஸ்டாட் என்ற சிறிய வால்வு. காலையில் வண்டியைக் கிளப்பியதும் அது மூடியே இருக்கும்; நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடேறும். 80 டிகிரியைத் தாண்டியபின் வால்வு திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். அதன்பின் பெரும்பாலான வண்டிகளில் முள் பாதிக்குச் சற்றுக் கீழே அல்லது பாதியில் வந்து நிற்கும். நின்ற இடத்தை விட்டு அதிகம் அசையாதிருப்பதே நல்ல என்ஜினின் அடையாளம்.

முள் எழவே இல்லை என்றால் அது குளிர்ச்சி அல்ல, குறை. ரேடியேட்டர் அடைத்துக்கொண்டு வண்டி சூடானால், சிலர் அதைச் சரி செய்யாமல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்து விடுகிறார்கள். ஊருக்குள் வெறும் வண்டியாக ஓட்டும்வரை முள் கீழேயே கிடக்கும். வாங்குபவர் மகிழ்ந்து போவார். வெயிலில் பாரத்தோடு நெடுஞ்சாலையில் போனால், அடைத்த ரேடியேட்டரால் சூட்டைத் தள்ள முடியாது. எங்கள் வேனில் நடந்தது இதுதான். இது தவிர, குளிர்ந்தே ஓடும் என்ஜின் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து ஆயிலைக் கெடுக்கும், தேய்மானமும் அதிகம்.

வாங்கும் நாளில் செய்ய வேண்டியவை

1. காலையில் முதல் ஆளாகப் போங்கள். என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள்.

2. குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். நிறமுள்ள தெளிந்த கூலன்ட் நல்லது. துருப்பிடித்த செந்நீர் பராமரிப்பு இல்லாததைக் காட்டும். நீரின்மேல் எண்ணெய் மிதந்தாலோ, ஆயில் குச்சியில் மோர் போல வெளுத்த கலவை ஒட்டி வந்தாலோ, ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

3. வண்டியைக் கிளப்பிக் கடிகாரத்தைப் பாருங்கள். ஓட்டத் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் முள் எழ வேண்டும். கால் மணி நேரம் ஓடியும் அடிமட்டத்தில் கிடந்தால், தெர்மோஸ்டாட் இல்லை அல்லது மீட்டருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

4. நாலைந்து ஆட்களையோ நாலு மூட்டையையோ ஏற்றி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஒரு மேம்பாலமாவது ஏறி இறங்குங்கள்.

5. திரும்பி வந்து, நிறுத்திய இடத்தில் என்ஜினைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். முள் சற்று ஏறும். மின்விசிறி ஓடத் தொடங்கும். முள் பழைய இடத்துக்கு இறங்க வேண்டும். விசிறி ஓடியும் முள் ஏறிக்கொண்டே போனால் வேண்டாம்.

6. சமீப ஆண்டுகளின் இன்ஜெக்ஷன் வண்டிகளில் மெக்கானிக்கின் ஸ்கேனர் கருவி கூலன்ட் சூட்டை டிகிரியிலேயே காட்டும். முள் இல்லாமல் விளக்கு மட்டும் உள்ள வண்டிகளுக்கு இது அவசியம்.

7. ஆர்.சி., இன்சூரன்ஸ், கடன் பாக்கி ஆகியவற்றை அரசின் எம்பரிவாகன் செயலியில் ஒத்துப் பாருங்கள். வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுங்கள்.

எங்கள் வேன் என்ன ஆயிற்று? ஹெட்டைச் சீர்செய்து, புது கேஸ்கட், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் போட்டோம். தரகரிடம் கேட்டதற்கு, "நீங்கள் ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. முதல் உரிமையாளரைத் தேடிப் போனோம். நல்ல வேளையாக, என்ஜின் வாங்கிய பில்லை அவர் பத்திரமாக வைத்திருந்தார். பதியத்தான் மறந்திருந்தார். அந்தப் பில்லை வைத்து ஆர்.சி.யில் புது நம்பரைப் பதிந்தோம். 2024-இல் 15 ஆண்டு முடிந்து புதுப்பிக்கப் போனபோது, ஆய்வாளர் நம்பரைத்தான் முதலில் பார்த்தார். அந்தத் துண்டுச் சீட்டு கிடைக்காமல் போயிருந்தால் வேன் அன்றோடு பழைய இரும்புதான்.

இப்போது முள் பாதிக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. கல்லாவில் உட்காரும்முன் தராசின் முள் நேராக நிற்கிறதா என்று பார்ப்பவர்கள் நாம். வண்டியின் முள்ளையும் அதே கண்ணோடு பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.