மகன் தன்பாலின ஈர்ப்பாளர் என்றால் பாவமா? கத்தோலிக்கத் திருச்சபை சொல்வது என்ன?

"அம்மா, நான் கே." ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் குடும்பத்தில் மகன் இப்படிச் சொன்னால், பெற்றோருக்கு முதலில் வரும் கேள்வி, 'ஐயோ, இது பாவமாச்சே?' என்பதுதான். மகனுக்கோ வீடும் போயிடுமோ, கோவிலும் போயிடுமோ என்ற பயம். திருச்சபை உண்மையில் என்ன சொல்கிறது?

ஈர்ப்பே பாவமா?

தன்பாலின உடலுறவைத்தான் திருச்சபையின் மறைக்கல்வி நூல் பாவம் என்கிறது. ஈர்ப்பை 'ஒழுங்குக்கு மாறானது' என்று குறிப்பிட்டாலும், அது இருப்பதையே பாவமாகச் சொல்லவில்லை. இவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்கணும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் வாழ்நாள் முழுக்க உடலுறவு இல்லாமல் இருக்கணும் என எதிர்பார்க்கிறது. பலரும் தவிப்பது இந்த இடத்தில்தான்.

பெற்றோர் என்ன செய்யணும்?

1997-ல் அமெரிக்க ஆயர்களின் குழு ஒன்று பெற்றோருக்காகவே ஒரு மடல் வெளியிட்டது. 'என்றும் நம் பிள்ளைகள்' என்பது தலைப்பின் பொருள். பிள்ளையை ஒதுக்காதீர்கள், உறவை முறிக்காதீர்கள் என்பதே அதன் சாரம்.

போப் பிரான்சிஸ் என்ன மாற்றினார்?

2023 டிசம்பரில், தன்பாலின ஜோடிகளுக்குப் பாதிரியார்கள் ஆசி வழங்க வாடிகன் அனுமதித்தது. அது திருமண ஆசி போல இருக்கக் கூடாது. திருமணம் பற்றிய போதனையும் மாறவில்லை.

போதனை மாறுமா என்ற விவாதம் தொடர்கிறது. ஆனால் மகனுக்குச் சாப்பாட்டு மேசையில் இடம் கொடுக்க அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அதைத் திருச்சபை தடுக்கவும் இல்லை.