உதவித்தொகை மனு மறுக்கப்பட்டால் என்ன செய்வது?



அறிவுசார் குறைபாடுள்ள மகனுக்குப் பராமரிப்பு உதவித்தொகை கேட்டு மனுச் செய்த ஒரு தாய், சென்ற மாதம் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். மருத்துவச் சான்றில் 35 சதவீதம் என்று எழுதியிருந்ததால் மனு ஏற்கப்படவில்லை. "அல்லாஹ் நாடியது இவ்வளவுதான்" என்று காகிதங்களைக் கட்டி வைத்துவிட்டாராம்.

சப்ரு என்பது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதல்ல. முயற்சி செய்துவிட்டுத் தவக்குல் வைப்பதே நமக்குக் கற்பிக்கப்பட்டது.

தமிழக அரசு தரும் இந்தத் தொகை மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 40 சதவீதம் இருக்க வேண்டும். எனவே சான்றில் உள்ள எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்த எண் இறுதியானதல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 59, சான்று வழங்கியவர்களின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையைத் தருகிறது.

முதலில், மறுப்பையும் அதன் காரணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது.

அடுத்து, பழைய மருந்துச் சீட்டு, பரிசோதனை அறிக்கை, பள்ளி ஆசிரியரின் கடிதம் அனைத்தையும் தேதி வாரியாக அடுக்குங்கள். குழந்தை தானாகச் சாப்பிடுகிறதா, உடுத்துகிறதா என்பதையும் எழுதி வையுங்கள்.

பிறகு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மேல்முறையீட்டு அதிகாரி யார், கால வரம்பு என்ன என்று கேளுங்கள். மறுப்பு வந்த வாரமே செல்வது நல்லது. மனுவின் நகலில் முத்திரையுடன் ஒப்புதல் பெற மறவாதீர்கள்.

அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுத் தாக்கல் செய்யலாம். நீதிமன்றம் பொதுவாகத் தானே சதவீதத்தை நிர்ணயிப்பதில்லை. முறைப்படி பரிசோதித்தார்களா, காரணம் சொன்னார்களா என்றே பார்க்கும். தவறு இருந்தால் மறு பரிசோதனைக்கு உத்தரவிடலாம். அதனால்தான் முதல் நாளிலிருந்தே காகிதங்கள் முக்கியம்.

வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

அந்தத் தாயின் மேல்முறையீட்டு மனுவை நாமே எழுதிக் கொடுத்தோம். முடிவு இன்னும் வரவில்லை, துஆச் செய்யுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படிக் கட்டி வைத்த காகிதங்கள் இருந்தால், ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து பார்ப்போம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்