சாந்து காணாத மதில்

மோகனூரிலிருந்து எழுதும் வாசகர் ஒருவர், கிரேக்க நாட்டுக் கடலோரத்தில் சிதைந்து கிடக்கும் ராம்னூஸ் என்னும் புராதனக் கோட்டை நகரைப் பற்றிய வீடியோ ஒன்றைக் கைப்பேசியில் கண்டு, அதன் மதிற்கற்களுக்கிடையே துளிச் சாந்தும் இல்லை என்பதும், கல்லை உருக்கி வார்க்கும் ரகசிய வித்தை ஒன்று அக்காலத்தாருக்குக் கைவந்திருந்தது என்பதும் வாஸ்தவந்தானா என்று கேட்டிருக்கிறார். முதற்கூற்று வாஸ்தவம், இரண்டாவது, பார்ப்போர் தொகையைப் பெருக்குவதற்கென்றே சமைக்கப்பட்ட சரக்கு. அட்டிகாவின் வடகிழக்குக் கரையில் யூபியாத் தீவை எதிர்நோக்கி நிற்கும் ராம்னூஸ் கோட்டை, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில், உள்ளூர்ச் சலவைக்கல்லை உளியால் வெட்டி அடுக்கி எழுப்பப்படத் தொடங்கியது. அதில் உருக்கியதும் இல்லை, வார்த்ததும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தை விசாரிக்க அன்பர் ஏஜியன் கடல்வரை போயிருக்க வேண்டியதே இல்லை. வீட்டு வாசலில் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் நாமக்கல்லில் இறங்கிவிடலாம்.

ஊர் நடுவே சுமார் 65 மீட்டர் எழுந்து நிற்கும் அந்த ஒற்றைப் பாறையின் உச்சியில், ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் பரப்பை வளைத்துக்கொண்டு நிற்கிறது கோட்டை. கட்டியவர் சேந்தமங்கலத்துப் பாளையக்காரர் ராமச்சந்திர நாயக்கர் என்பாரும், மைசூர் அரசின் உத்தியோகஸ்தர் லட்சுமி நரசய்யா என்பாரும் உளர். 1768இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்துச் சில மாதங்களிலேயே ஹைதர் அலியிடம் பறிகொடுத்தனர். சரித்திரத்துக்கு இவ்வளவு போதும். எனக்கு ருசிப்பது வேறு: அம்மதிலின் உச்சி வரிசைகளில்தான் சுண்ணச் சாந்து உண்டு, அடியிலுள்ள பெருங்கற்கள், தம் எடையாலும், பாறையிலேயே செதுக்கிய பள்ளங்களில் பொருந்தி உட்கார்ந்திருப்பதாலுமே நிற்கின்றன. பாரமெல்லாம் இறங்கும் அடியில் சாந்து இல்லாமல், பாரமே இல்லாத உச்சியில் சாந்து வைத்த கொத்தனாரின் யுக்தி, முதற்பார்வைக்குத் தலைகீழாகவே தோன்றும்.

கல்லின்மேல் கல்லை வைத்தால் இரண்டும் முகத்தோடு முகம் ஒட்டி உட்காருகின்றன என்று நம் கண் நம்மை நம்பவைக்கிறது. உண்மையில், எத்தனை நயமாக உளியோட்டினாலும், கண்ணுக்குப் புலப்படாத எண்ணற்ற முகடுகளில் சில மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. அந்த நுனிகள் பாரம் தாங்காமல் சற்றே நசுங்க, அதனால் மேலும் சில நுனிகள் கூடிவந்து தோள்கொடுக்க, இப்படியே போய் பாரமும் நுனிகளின் வலிமையும் சமனாகும் இடத்தில் கல் நிலைகொள்கிறது. கணக்குப் போட்டால், அரை டன் எடையுள்ள கருங்கல் உண்மையில் தொட்டுக்கொண்டிருப்பது மொத்தமாக ஒரு சதுர மில்லிமீட்டரை ஒட்டிய பரப்பைத்தான். மேலே பாரம் இரட்டித்தால் அந்தப் பரப்பும் இரட்டிக்கும். கல்லைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டிய பலமும் இரட்டிக்கும். கருங்கல்மேல் கருங்கல் நகர, பாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஆறு பங்கு பலம் தேவைப்படும். அரை டன் கற்கள் பத்து வரிசை ஏறியிருந்தால் அடி மூட்டைச் சறுக்கவைக்க மூன்று டன் பலத்தோடு இடிக்க வேண்டும். உச்சியில் தனியே குந்தியிருக்கும் ஐம்பது கிலோக் கல்லைத் தள்ளவோ ஒரு கிடா முட்டினால் போதும்.

முட்டை லாரியைப் பாராதவர் நாமக்கல் வட்டாரத்தில் இரார். முப்பது முட்டை அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகையில், அடி அட்டைகளைத் தனித்தனியே யாரும் கட்டுவதில்லை. மேலேறிய பாரமே அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. உச்சி அட்டைக்குத் தலைமேல் பாரமில்லை. ஆதலால் அதற்குத்தான் கயிறும் தார்ப்பாயும். மதிலின் சாந்து அந்தக் கயிறு. பாறையில் செதுக்கிய பள்ளம், முட்டை அமரும் குழி. அப்படியாயின் அடி அட்டை முட்டை நசுங்குமே, மதிலின் அடிக்கல் என்னாகும் என்று கேட்கலாம். கருங்கல் தன் இனத்தின் பாரத்தாலேயே நொறுங்க வேண்டுமானால் மதில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் உயர வேண்டும். கல்லை அடைகாக்கச் சொல்லும் நிலைக்கு உவமை வந்துவிடுமுன் நிறுத்திக்கொள்கிறேன்.

பள்ளத்தின் அவசியம் மட்டும் சற்று நுட்பமானது. சமதளத்தில் இத்தனை உபகாரம் செய்யும் எடை, சரிவில் கைவிட்டுவிடும். பாறை விளிம்பு வளைந்து இறங்குமிடத்தில், கல்லைக் கீழே இழுக்கும் பலமும் அதைப் பிடிக்கும் உராய்வும் ஒருங்கே எடைக்கேற்ப வளர்வதால், சரிவு சுமார் முப்பது பாகையைத் தாண்டினால், சிறு கல்லும் பெருங்கல்லும் ஒன்றுபோலவே நழுவும். அங்கே எடை கூட்டிப் பயனில்லை. படிபோலப் பாறையைச் செதுக்கிக் கல்லை உட்காரவைப்பதே வழி. இந்த நியாயத்தைச் சூத்திரமாக்கித் தந்தவர்களில் முக்கியமானவர், மின்னூட்டத்தின் அலகாகப் பள்ளியில் நமக்கு அறிமுகமான கூலூம். உராய்வு பற்றிய ஆராய்ச்சிக்காகப் பாரிஸ் அகாதமியின் பரிசை 1781இல் பெற்றவர். அவர் தொழிலோ ராணுவ இஞ்சினீயர். நாமக்கல் கோட்டை கைமாறிய 1768இல், மார்ட்டினிக் தீவில் தாமே ஒரு கோட்டை கட்டிக்கொண்டிருந்தார். நம் கொத்தனாருக்குச் சூத்திரம் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

சாந்தில்லா மதில் பூகம்பத்தை வெல்லவே கட்டப்பட்டது என்பது அடுத்த வீடியோவின் பல்லவி. அசையும்போது மூட்டுகள் சிறிது உராய்ந்து அதிர்ச்சியை விழுங்கும் என்பது மெய்யே. ஆயின் சேலம், நாமக்கல் சமவெளியில் பெரும் பூகம்பத்தை எண்ணி எவரும் கல் அடுக்கியிருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. மழையைச் சொன்னால் ஒப்புக்கொள்வேன்: மதிலுக்குப் பின்னால் தேங்கிய நீரின் அழுத்தமே மதிலை வெளியே தள்ளும் சத்துரு, சாந்தில்லா இடுக்குகள் அந்நீரை வடித்துவிடுகின்றன. ஆகவே கோட்டைக்கு ஏறும் அன்பர், சாந்தில்லாத அடிவரிசையைக் கண்டு கவலைப்பட வேண்டாம். சாந்திட்ட உச்சியில், பறவை எச்சத்தோடு விழுந்த விதையிலிருந்து அரசங்கன்று ஏதேனும் வேர்விட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும்.