துப்பாக்கி விற்கலாமா? திருவிழாக் கடைக்காரர்களுக்குச் சில விளக்கங்கள்

ஆடிக் கிருத்திகைக்குச் சரக்கு எடுக்கும் நாட்களில் நம்மிடம் வரும் சில்லறைக் கடைக்காரர்கள் முன்பெல்லாம் விலையைத்தான் கேட்பார்கள். இப்போது முதல் கேள்வியே வேறு. "அண்ணாச்சி, இந்தத் துப்பாக்கியைக் கடையில் மாட்டலாமா? பிடிப்பார்களா?" என்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. திருத்தணி மலையடிவாரத்தில் கடை போடுபவருக்கு ஆண்டு வியாபாரத்தில் பெரும் பகுதி இந்தச் சில நாட்களில்தான் நடக்கிறது. அந்த நேரத்தில் சரக்கு பறிமுதலானால் போட்ட முதலும் போய், வட்டிக்கு வாங்கியதும் நிற்கும்.

குழப்பத்துக்குக் காரணம், துப்பாக்கி என்ற ஒரே பெயரில் சந்தையில் நான்கு விதச் சரக்கு நடமாடுவதுதான். நிஜத் துப்பாக்கி, ஏர்கன், கேப் வைத்து வெடிக்கும் துப்பாக்கி, வெறும் பிளாஸ்டிக் பொம்மை. ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, கேட்க வேண்டிய அலுவலகமும் வேறு.

நிஜத் துப்பாக்கியை நம்மில் யாரும் விற்கப் போவதில்லை. ஆனாலும் அந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளும் இதற்கு அடிப்படை. விற்பவருக்கும் லைசென்ஸ் வேண்டும், வாங்குபவருக்கும் லைசென்ஸ் வேண்டும். 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. எந்தத் துப்பாக்கியையும் விற்கலாம் என்பதும் இல்லை. பொதுமக்களுக்கு .32 ரிவால்வர், பிஸ்டல் போன்ற தடை செய்யப்படாத ரகங்கள்தான். 9 மி.மீ. பிஸ்டல் போன்றவை தடை செய்யப்பட்ட ரகம். முதல் வகைக்கு மாவட்டங்களில் கலெக்டரும் சென்னை நகரில் போலீஸ் கமிஷனரும் லைசென்ஸ் தருகிறார்கள். இரண்டாவது வகைக்கு டெல்லியில் உள்துறை அமைச்சகம் வரை போக வேண்டும். 2019 டிசம்பரில் வந்த திருத்தத்தின்படி ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அதற்கு முன் மூன்று வரை அனுமதி இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் விற்பவருக்கு அதே திருத்தம் குறைந்தது ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை என்று ஆக்கிவிட்டது.

இங்கே எல்லையோர வியாபாரிகளான நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் எந்தக் கைத்துப்பாக்கியை விற்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் 2001 முதல், சோதனையில் தேறிய ரகங்களுக்கு ஒரு பட்டியலே உண்டு. அந்தப் பட்டியலில் இல்லாத புதுத் துப்பாக்கியைக் கடைக்காரர் பொதுமக்களுக்கு விற்க முடியாது. பக்கத்து மாநிலத்தில் அதே துப்பாக்கி தாராளமாகக் கிடைக்கும். நம் நாட்டில் அப்படி இல்லை. ஆயுதமும் வெடிபொருளும் அரசியலமைப்பின் மத்தியப் பட்டியலில் வருபவை. பொம்மைக்கான தர ஆணையும் மத்திய அரசு போட்டதுதான். விற்பனை வரிக் காலத்தில் நகரிப் பக்கம் ஒரு வரி, நம் பக்கம் ஒரு வரி என்று இருந்ததால், "அந்தப் பக்கம் செல்லும், இந்தப் பக்கம் செல்லாது" என்ற பேச்சு நம்மவர்களிடம் இன்னும் போகவில்லை. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது மாறியவை எத்தனையோ. இந்த மூன்று சட்டங்களைப் பொறுத்தவரை எல்லைக்கோட்டுக்கு இரு பக்கமும் ஒரே நிலைதான். நகரியில் வாங்கிய சரக்கு என்று சொல்வது ஒரு பதிலே ஆகாது.

ஏர்கன் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பலூன் சுடும் கடைகளில் பார்க்கிறோமே, அதுதான். 2016 விதிகளின்படி 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மி.மீ.க்கு மேற்பட்ட குழல் உள்ளதும், குண்டு வெளிவரும் வேகத்தின் சக்தி 20 ஜூலுக்கு மேல் போவதும் லைசென்ஸ் வேண்டிய ஆயுதமாகிவிடும். குழலை வேண்டுமானால் அளந்து பார்க்கலாம், ஜூலைக் கடையில் உட்கார்ந்து அளக்க முடியுமா? பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பி மாட்டிக்கொள்வதைவிட, ஏர்கன் வியாபாரத்தை ஆயுதக் கடைக்காரர்களிடமே விட்டுவிடுவது நல்லது. பறவை சுடுவதற்கென்றே இதைக் கேட்டு வருபவர்களும் உண்டு. வனவிலங்குச் சட்டத்தில் அது தனிக் குற்றம். அருணாசலப் பிரதேசத்தில் பறவைகளைக் காப்பாற்ற வேண்டி 2021-ல் ஏர்கன்களை ஒப்படைக்கச் சொல்லி அரசே இயக்கம் நடத்த வேண்டி வந்தது.

கேப் துப்பாக்கியில் துப்பாக்கியைவிடக் கேப்தான் வில்லங்கம். சுருள் கேப், ரிங் கேப், பொட்டு வெடி என்று எந்தப் பெயரில் வந்தாலும் அது பட்டாசு. பட்டாசு என்றால் 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளும் வந்துவிடும். தீபாவளிக்குத் தற்காலிக லைசென்ஸ் எடுத்துக் கடை போட்டவர்களுக்கு இது தெரியும். கடைக்கும் கடைக்கும் மூன்று மீட்டர் இடைவெளி, ஒன்றையொன்று பார்த்தபடி கடை இருக்கக் கூடாது, எண்ணெய் விளக்கோ காஸ் விளக்கோ கூடாது என்றெல்லாம் விதி இருக்கிறது. திருவிழாக் கடையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கற்பூரம், ஒரு பக்கம் பஜ்ஜி அடுப்பு, நடுவில் தார்ப்பாய்க்குக் கீழே அட்டை அட்டையாகக் கேப். அளவு சிறியதுதானே என்று சமாதானம் சொல்கிறார்கள். ஒரு டப்பா சிறியது, நூறு டப்பா கட்டிய மூட்டை சிறியதல்ல. பட்டாசு லைசென்ஸ் இல்லாத கடையில் கேப் இருக்கக் கூடாது. துப்பாக்கியை மட்டும் தனியே விற்பதென்றால் அது அடுத்த வகைக்கு, அதாவது பொம்மைக்கு, வந்துவிடும்.

நம் எல்லோரையும் நேரடியாகத் தொடுவது இந்தப் பொம்மைதான். மத்திய அரசு 25-2-2020 அன்று பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையை வெளியிட்டது. 1-1-2021 முதல் அது அமலில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கென்று செய்யப்பட்ட எந்தப் பொருளும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கப்படக் கூடாது. பேட்டரி இல்லாத பொம்மைக்கு ஐ.எஸ். 9873, லைட் எரிந்து சத்தம் போடும் துப்பாக்கி போன்றவற்றுக்கு ஐ.எஸ். 15644. கூர்முனை, உடைந்து தொண்டையில் சிக்கும் துண்டு, பெயிண்டில் ஈயம் இவற்றையெல்லாம் சோதித்துத்தான் முத்திரை தருகிறார்கள். துப்பாக்கியிலிருந்து பாய்ந்து வரும் ரப்பர் முனைக் குச்சிக்கும் சோதனை உண்டு. பிள்ளையின் கண் சம்பந்தப்பட்டது, குறை சொல்ல முடியாது.

"நாங்கள் தயாரிக்கவில்லையே, வாங்கித்தானே விற்கிறோம்" என்று பலர் நினைக்கிறார்கள். 2016-ம் ஆண்டு தர நிர்ணய அமைவனச் சட்டத்தின் 17-வது பிரிவு தயாரிப்பவரை மட்டும் சொல்லவில்லை. விற்பது, விற்பனைக்காக இருப்பு வைப்பது, பார்வைக்கு மாட்டி வைப்பது எல்லாம் அதில் அடக்கம். 29-வது பிரிவில் முதல் முறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம், அடுத்த முறைகளில் ஐந்து லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்று எழுதியிருக்கிறது. பத்தாயிரம் ரூபாய்ச் சரக்குக்கு இரண்டு லட்சம்! இதில் சிறு கடைக்காரருக்கென்று தனி அளவு வைத்திருக்க வேண்டும் என்பது நமது கருத்து. சட்டம் போடும்போது மால்களைத்தான் நினைத்தார்களோ என்னவோ. 2023 ஜனவரியில் நாடு முழுவதும் பெரிய கடைகளிலும் விமான நிலையக் கடைகளிலும் சுமார் 18,600 பொம்மைகளைப் பறிமுதல் செய்தார்கள். பெரிய கடைகளுக்கே அந்த நிலை.

முத்திரையைப் பார்ப்பது எப்படி? ஐ.எஸ்.ஐ. அடையாளத்துக்கு மேலே ஐ.எஸ். எண் இருக்க வேண்டும். கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்க வேண்டும். வெறும் அடையாளம் மட்டும் இருந்தால் அது யாரோ பிரஸ்ஸில் அடித்த ஸ்டிக்கர். லைசென்ஸ் எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தச் சரக்கு, லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். கடையில் இருக்கும் பையனிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவான். கம்பெனி பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள். வேறொருவரின் எண்ணைத் திருடிப் போட்டிருந்தால் அங்கேதான் வெளிப்படும்.

பில்லையும் பார்க்க வேண்டும். பொம்மைக்கு எச்.எஸ்.என். குறியீடு 9503. ஒரு மொத்த வியாபாரி நமக்கு அனுப்பிய பொம்மைத் துப்பாக்கிக் கட்டில், பில்லில் 'பிளாஸ்டிக் சாமான், 3926' என்று போட்டிருந்தது. பொம்மை என்று எழுதினால் முத்திரை கேட்பார்கள் என்பதால் பெயரையே மாற்றியிருக்கிறார்கள். லாரியிலேயே திருப்பி அனுப்பினோம். அப்படிப்பட்ட பில்லை வைத்துக்கொண்டால் நாளைக்கு அதிகாரி கேட்கும்போது சரக்குக்குப் பில்லே இல்லை என்ற கணக்குதான். வரித் துறைக்கும் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களை அதற்குப் பதிவு பெற்றவர்கள் செய்து விற்கும்போதும் இந்த ஆணை கிடையாது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் ஆந்திரத்துக் கொண்டப்பள்ளி மரப் பொம்மையும் அப்படிக் குறியீடு பெற்றவை. ஆனால் அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கைக் கொண்டப்பள்ளி என்று சொல்லி விற்பவருக்கு இது பொருந்தாது.

முத்திரை இருந்தாலும் ஒரு ரகத்தை நாம் எடுப்பதில்லை. கறுப்பு நிறத்தில், நிஜ எடையில், அசல் பிஸ்டல் போலவே வருவது. ஆயுதச் சட்டத்தின் 6-வது பிரிவே போலித் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றுவதைக் குற்றம் என்கிறது. கைதாவதிலிருந்து தப்பப் போலித் துப்பாக்கியைக் காட்டினாலும் 28-வது பிரிவில் தண்டனை. வாங்குபவர் செய்யும் தவறுக்கு விற்றவர் குற்றவாளி ஆவதில்லைதான். என்றாலும் விசாரணைக்கு முதலில் நிற்பது விற்ற கடைதான். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும் துப்பாக்கிதான் பிள்ளைகளுக்கும் பிடிக்கிறது, நமக்கும் தூக்கம் கெடுவதில்லை.

பரணில் கிடக்கும் முத்திரையில்லாத பழைய சரக்கை என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் தள்ளிவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். கூட்டம் அதிகம் உள்ள இடத்தில்தான் சோதனையும் வரும். வாங்கிய இடத்துக்குக் கடிதம் எழுதி, டெபிட் நோட் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். எடுக்க மறுத்தால் அந்தக் கடித நகலைப் பத்திரப்படுத்தி, சரக்கை 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதித் தனியே கட்டி வைத்து, இருப்புப் பதிவிலும் அப்படியே குறித்துவிடுங்கள். மேற்கொண்டு சந்தேகம் இருந்தால் சென்னை தரமணியில் உள்ள தர நிர்ணய அமைவன அலுவலகத்துக்கு எழுத்து மூலமாகக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக் கொள்ளுங்கள்.